மூளையைத் தொடக் கற்றுக்கொள்வது எப்படி?

ஒரு கோழிமுட்டையை அசையாமல் பொருத்தி வைக்கிறார்கள். நிமிடத்துக்கு 70,000 சுற்று வரை சுழலும் துளைக்கருவியை ஓர் இளம் மருத்துவரின் கையில் தருகிறார்கள். அவர் முட்டையின் ஓட்டை மட்டும் சீவி எடுக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வு கிழியவே கூடாது. ஓட்டின் தடிமன் ஏறக்குறைய மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. சவ்வு அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. விரல் ஒரு துளி கூடுதலாக அழுந்தினால் வெள்ளைக்கரு வழிந்துவிடும். உலகின் பல பயிற்சிக்கூடங்களில் மூளை அறுவை நிபுணர்கள் இப்படித்தான் கை பழகுகிறார்கள். மண்டையோட்டுக்குப் பதில் முட்டையோடு. மூளையைப் போர்த்தியிருக்கும் 'டியூரா' என்ற உறைக்குப் பதில் முட்டைச் சவ்வு.

இந்தத் தொழிலில் ஓர் இக்கட்டு தொடக்கத்திலிருந்தே உண்டு. கை பழகாமல் அறுவை செய்ய முடியாது. அறுவை செய்யாமல் கை பழகாது. ஆனால் அந்தப் பழக்கத்துக்கான விலையை எந்த நோயாளியும் கொடுக்கக் கூடாது. நரம்பியல் அறுவைப் பயிற்சி முழுவதும் இந்த ஒரே சிக்கலுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தேடிய விடைதான். அந்த விடை எவ்வளவு நுட்பமானது என்பதைக் கொச்சியிலிருந்து பார்க்கலாம்.

முதலில், தொடப்போகும் பொருளைத் தெரிந்துகொள்வோம். வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1.4 கிலோ. உயிரோடு இருக்கும்போது அது இளநீர் வழுக்கையைப் போல மெத்தென்று இருக்கும். தன் எடையாலேயே நசுங்கிவிடும் அளவுக்கு மென்மை. அப்படி நசுங்காமல் இருப்பதற்குக் காரணம், அது மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதக்கிறது என்பதே. மிதக்கும்போது அதன் எடை 50 கிராம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதற்குள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இரத்த ஓட்டம் முழுமையாக நின்றால் சில நிமிடங்களில் அணுக்கள் மடியத் தொடங்கும். மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை.

இதைத் தொடும் தகுதியைப் பெற எத்தனை ஆண்டுகள் ஆகும்? கொச்சியில் எடப்பள்ளிக்கு அருகே போணேக்கரையில் 1998இல் தொடங்கிய அமிர்தா மருத்துவமனையில் எம்சிஎச் நரம்பியல் அறுவைப் படிப்பு இருக்கிறது. அங்கே சேர விரும்பும் ஒருவர் முதலில் ஐந்தரை ஆண்டு எம்பிபிஎஸ் முடிக்க வேண்டும். பிறகு மூன்று ஆண்டு பொது அறுவையில் எம்எஸ். அதன்பின் நீட்-எஸ்எஸ் என்ற நாடு தழுவிய தேர்வு. அதிலும் தேறினால் இன்னும் மூன்று ஆண்டு எம்சிஎச். கூட்டினால் பதினொன்றரை ஆண்டு. பள்ளியை முடித்தபோது பதினெட்டு வயதாக இருந்தவர், படிப்பை முடிக்கும்போது முப்பதைத் தொட்டிருப்பார். சில நிறுவனங்களில் எம்பிபிஎஸ் முடித்ததும் நேரடியாகச் சேரும் நீண்ட படிப்பும் உண்டு. மருத்துவக் கல்லூரி அல்லாத பெரிய மருத்துவமனைகளில் படிப்போருக்கு டிஆர்என்பி என்ற இணையான பட்டம் இருக்கிறது. எந்த வழியில் போனாலும், இந்தப் பயிற்சிக் காலத்தில் இருப்பவரை மருத்துவமனை 'ரெசிடென்ட்' என்றே அழைக்கும்.

இந்த ஏற்பாடு இந்தியாவுக்கு வந்த கதையில் ஒரு மலையாளி இருக்கிறார். கோட்டயத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார்; பஹ்ரைனில் ஒரு மிஷன் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1940களில் கனடாவின் மான்ட்ரியல் நகருக்குப் போய், மூளையின் வரைபடத்தை வரைந்தவர் என்று புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றார். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இன்னொரு துறையைத் தொடங்கினார். 1951இல் இந்த இருவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நாட்டுக்கே நான்கு பேர் கொண்ட சங்கம்! வெளிநாடு போய்த்தான் இந்தக் கலையைக் கற்க வேண்டும் என்ற நிலையை மாற்ற, 1950களின் பிற்பகுதியில் வேலூரிலேயே முறையான பயிற்சிப் படிப்பு தொடங்கியது. 1968இல் சென்னையில் டி. எஸ். கனகா நரம்பியல் அறுவையில் பட்டம் பெற்று, இத்துறையில் நுழைந்த ஆசியாவின் முன்னோடிப் பெண்களில் ஒருவரானார். இன்று கொச்சியில் கத்தியைப் பிடிக்கப் பழகும் ரெசிடென்ட் அந்த நான்கு பேரிலிருந்து கிளைத்த பரம்பரையில் வருகிறார்.

இனி பயிற்சிக்கூடத்துக்குள் போவோம். முட்டைக்கு அடுத்த பாடம் கோழி இறக்கை. கடையில் வாங்கும் சாதாரணக் கோழி இறக்கைக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள தமனி ஒன்று ஓடுகிறது. மனித மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனிகளின் அளவும் ஏறக்குறைய அதுதான். அதை வெட்டி, இரு முனைகளையும் திரும்பத் தைத்து இணைக்க வேண்டும். தைக்கும் நூலின் பெயர் 'பத்து-பூஜ்யம்'. அதன் தடிமன் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குதான். வெறும் கண்ணுக்கு அது இருப்பதே சரியாகத் தெரியாது. அந்த ஒரு மில்லிமீட்டர் குழாயைச் சுற்றி எட்டு முதல் பன்னிரண்டு தையல் போட வேண்டும். பிறகு உள்ளே நீரைச் செலுத்திப் பார்ப்பார்கள். கசிந்தாலும் தோல்வி, எதிர்ச்சுவரையும் சேர்த்துத் தைத்து அடைத்துவிட்டாலும் தோல்வி. தோற்றால் இன்னொரு இறக்கை.

இங்கேதான் உடல் ஒரு தடையை வைக்கிறது. எந்த மனிதரின் கையும் முழுக்க அசையாமல் நிற்பதில்லை. ஆரோக்கியமான கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல அதிர்கிறது. அன்றாட வாழ்வில் அது தெரியாது. நுண்ணோக்கியில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அதிர்வும் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். அதை அடக்க முயன்றால் தசை இறுகி அதிர்வு கூடும். அதனால் அடக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. கைக்குத் தாங்கல் கொடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். உட்கார்ந்து வேலை செய்வது, முன்கையைத் தாங்கியின் மேல் வைப்பது, சுண்டுவிரலை ஓர் இடத்தில் ஊன்றி மற்ற விரல்களை மட்டும் அசைப்பது என்று எல்லாமே அதிர்வு கருவியின் நுனியை எட்டாமல் இடையிலேயே நிறுத்தும் உத்திகள்.

இதைக் கற்க வயது தடையில்லை என்பதற்கு காஸி யாசர்கில் சாட்சி. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஏற்கெனவே தேர்ந்த அறுவை நிபுணராக இருந்த அவர், 1965இல், நாற்பது வயதில், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்கு மாணவராகப் போனார். விலங்குகளின் நுண்குழாய்களைத் தைத்துத் தைத்துப் பழகினார். சூரிக் திரும்பி, 1967இல் தலைத்தோலின் தமனி ஒன்றை மூளையின் தமனியோடு இணைத்து, அடைபட்ட வழிக்கு மாற்றுப்பாதை அமைத்துக் காட்டினார். மூளை அறுவையின் போக்கையே மாற்றிய கைகள் அவை. அந்தக் கைகளும் ஆய்வுக்கூடத்தில்தான் முதலில் தவறு செய்யக் கற்றன.

அடுத்தது உடற்கூறு. இறந்தவரின் தலையில் தமனிகளும் சிரைகளும் ஒரே சாம்பல் நிறத்தில் சுருங்கிக் கிடக்கும். எது எதுவென்று பிரித்தறிவது கடினம். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. தமனிகளுக்குள் சிவப்பு நிறமும் சிரைகளுக்குள் நீல நிறமும் கலந்த சிலிக்கோனைச் செலுத்தி உறையவிடுகிறார்கள். உடனே தலைக்குள் ஓடும் குழாய்வழிகள் முழுவதும் துலக்கமாகத் தெரியத் தொடங்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ரோட்டன் இப்படிப்பட்ட மாதிரிகளைக் கொண்டே மூளையின் ஒவ்வொரு இடுக்கையும் பல பத்தாண்டுகள் அளந்து பதிவு செய்தார். உலகெங்கிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் வந்து கற்றுப் போனார்கள். ஒரு கட்டியை அடைய எந்த வழியாகப் போனால் எந்த நரம்பு குறுக்கே வரும் என்பதை ரெசிடென்ட் இங்கே மனப்பாடம் செய்கிறார். உடலைத் தானமாகத் தந்த மனிதர்களுக்கு இந்தத் துறை பட்டிருக்கும் கடன் மிகப் பெரியது.

பயிற்சிக்கூடம் பகலுக்கு. இரவுக்கு வேறு பள்ளி. கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, ஏலக்காய் மூட்டைக் கிடங்குகளைக் கடந்து போகும்போது ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தோப்பும்படி, வில்லிங்டன் தீவு, வெண்டுருத்திப் பாலம் வழியாக ஆம்புலன்ஸ் எறணாகுளத்துக்குள் நுழைகிறது. அவசரப் பிரிவில் மூளை சார்ந்த நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ரெசிடென்ட்தான். அவர் கையில் இருக்கும் முதல் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. 1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜெனட்டும் உருவாக்கிய 'ஜிசிஎஸ்' என்ற அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4 மதிப்பெண், பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3. எட்டும் அதற்குக் கீழும் என்றால் ஆழ்ந்த மயக்கம். உடனே மூச்சுக்குழாய்க்கு வழி செய்ய வேண்டும். நிலநடுக்கோட்டு நாடானாலும் வடதுருவ நாடானாலும், ஒரு மருத்துவர் இன்னொருவரிடம் தொலைபேசியில் "ஜிசிஎஸ் 9" என்றால், இருவர் மனத்திலும் ஏறக்குறைய ஒரே படம் எழும்.

இதில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இந்த அளவுகோல் மொழியில்லாமல் வேலை செய்யாது. நாடு தழுவிய தேர்வெழுதி வட இந்தியாவிலிருந்து கொச்சிக்கு வரும் ரெசிடென்ட் உடற்கூற்றோடு சேர்த்து மூன்று மலையாளத் தொடர்களையாவது முதல் வாரத்திலேயே கற்க வேண்டியிருக்கும். "கண்ணு துறக்கு." "பேரெந்தா?" "கை பொக்கு." நோயாளிக்குப் புரியாத மொழியில் கையைத் தூக்கச் சொன்னால், நல்ல நினைவோடு இருப்பவருக்கும் குறைந்த மதிப்பெண் விழுந்துவிடும்.

அடுத்து சிடி ஸ்கேன். படத்தில் புதிய இரத்தம் வெள்ளையாகத் தெரியும். அதன் வடிவத்தை வைத்தே ரெசிடென்ட் எந்தக் குழாய் கிழிந்தது என்று ஊகிப்பார். வெள்ளைத் திட்டு லென்ஸ் போல இருபுறமும் புடைத்திருந்தால், இரத்தம் எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே தேங்கியிருக்கிறது. டியூரா எலும்போடு, குறிப்பாக மண்டையோட்டு இணைப்புகளில், இறுக ஒட்டியிருப்பதால் இரத்தம் பரவ வழியின்றி உள்நோக்கிப் புடைக்கிறது. பெரும்பாலும் பொட்டுப் பக்கத்தில் ஓடும் தமனி கிழிந்ததன் அடையாளம் அது. பிறை வடிவில் நீண்டு படர்ந்திருந்தால், டியூராவுக்குக் கீழே இரத்தம் தடையின்றிப் பரவியிருக்கிறது. சிரைகள் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் வகை நோயாளி விபத்துக்குப் பிறகு எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் திடீரெனச் சரிந்து விழக்கூடும். மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மூளை, இரத்தம், திரவம் என்ற மூன்றுக்குத்தான் இடம். நான்காவதாக இரத்தக்கட்டு நுழைந்தால், முதலில் திரவமும் சிரை இரத்தமும் வெளியேறி இடம் விடும். அவை தீர்ந்ததும் அழுத்தம் சட்டென ஏறும். நன்றாகப் பேசிய அந்த இடைவேளை, அந்த இடம் தீர்ந்துகொண்டிருந்த நேரம்.

ரெசிடென்ட் முதலில் சுயமாகச் செய்யத் தொடங்கும் சிகிச்சைகளில் ஒன்று, மூளையின் உள்ளறையில் தேங்கிய திரவத்தை வடிப்பது. எலும்பில் துளையிடும் கருவியிலேயே ஒரு பாதுகாப்பு உண்டு. அதன் முனை இரண்டு பகுதிகளாலானது. எலும்பு எதிர்த்து நிற்கும்வரை இரண்டும் பூட்டிக்கொண்டு சுழலும். எலும்பைக் கடந்து எதிர்ப்பு மறைந்த கணத்தில் பூட்டு விலகி, சுழற்சி தானாக நின்றுவிடும். எலும்பு மெல்லிதான குழந்தைகளிடம் அதை நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். துளை எங்கே? மூக்கு நெற்றியைச் சந்திக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி 11 சென்டிமீட்டர். நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 சென்டிமீட்டர். அங்கிருந்து மெல்லிய குழாயை, அதே பக்கக் கண்ணின் உள்மூலையையும் காதின் முன்மடலையும் குறியாக வைத்துச் செலுத்த வேண்டும். ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் தெளிந்த திரவம் சொட்டத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அறையை முகத்தின் அடையாளங்களைக் கொண்டே கண்டுபிடிக்கும் இந்தக் கணக்கு, பலரின் உயிரைக் காத்திருக்கிறது.

பெரிய அறுவைகளில் பொறுப்பு படிப்படியாகக் கைமாறும். நுண்ணோக்கிக்கு இரண்டு பார்வைக் குழல்கள் உண்டு. ஆசிரியர் பார்ப்பதையே ரெசிடென்டும் ஆழம் குறையாமல் பார்க்கிறார். தொடக்கத்தில் அவர் தலைத்தோலைத் திறந்து மூடுகிறார். பிறகு எலும்பைத் திறக்கிறார். பிறகு டியூராவை. அதன்பின் கட்டியின் ஆபத்தில்லாத ஒரு பகுதியை. ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் மறு குழலில் கண் பதித்து, எந்த நொடியிலும் கருவியைத் திரும்ப வாங்கத் தயாராக நிற்கிறார். செய்த ஒவ்வொரு அறுவையும், பார்த்ததா, உதவியதா, கண்காணிப்பில் செய்ததா என்ற குறிப்போடு பதிவேட்டில் ஏறுகிறது.

மட்டாஞ்சேரிக்கே உரிய ஒரு பாடமும் உண்டு. சில சதுர கிலோமீட்டருக்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என்று பல மொழிகள் பேசும் ஊர் அது. திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி வாழும் ஒருவர் வீட்டில் கொங்கணியும் கடையில் மலையாளமும் பேசுவார். அவரது இடப்பக்க மூளையில், பேச்சுப் பகுதிக்கு அருகே கட்டி இருந்தால் என்ன செய்வது? மூளைக்கு வலி உணரும் நரம்புமுனைகள் இல்லை. அதனால் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியை விழிக்க வைத்தே அறுவை செய்ய முடியும். சாண்டியின் ஆசிரியர் பென்ஃபீல்டு பெயர்பெற்ற முறை இது. 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு முனைகள் கொண்ட கருவியால் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொடுகிறார்கள். எதிரே ஒருவர் படங்களைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஓரிடத்தைத் தொட்டதும் நோயாளிக்குச் சொல் வராமல் நின்றால், அந்த இடத்தை வெட்டக் கூடாது.

ஆனால் எந்த மொழியில் கேட்பது? 1978இல் ஜார்ஜ் ஓஜ்மன், ஹாரி விட்டேக்கர் இருவரும் இருமொழி பேசும் இரண்டு நோயாளிகளிடம் இப்படிச் சோதித்து ஒரு வியப்பான முடிவை வெளியிட்டார்கள். சில இடங்களைத் தொட்டால் இரண்டு மொழிகளுமே தடைபட்டன. வேறு சில இடங்களைத் தொட்டபோது ஒரு மொழி மட்டும் நின்றது. மற்றது தடையில்லாமல் வந்தது. ஆகவே மலையாளத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெட்டினால், வீட்டு மொழியான கொங்கணி பறிபோக இடமுண்டு. பன்மொழி ஊரில் பயிலும் ரெசிடென்ட், கத்தி எடுக்கும் முன்பே நோயாளி அம்மாவிடம் எந்த மொழியில் பேசுவார், கணக்கை எந்த மொழியில் போடுவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளக் கற்கிறார்.

கை பழகியபின் கிளைகள் விரிகின்றன. குழந்தைகளுக்கான அறுவை, தண்டுவடம், மண்டையோட்டின் அடித்தளம், தொடையின் தமனி வழியாகக் குழாய் செலுத்தி மூளைக் குழாய்களைச் சரிசெய்வது, நடுக்கவாதத்துக்கு மூளைக்குள் மின்முனை பொருத்துவது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய்க்கான அறுவைத் திட்டத்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1995இல் தொடங்கியது. கொச்சி அமிர்தாவிலும் வலிப்புக்கெனத் தனி மையம் இயங்குகிறது. வலிப்பு எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே நரம்பியல் மருத்துவர், கதிரியக்க வல்லுநர், உளவியலாளர், அறுவை நிபுணர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வாதிட வேண்டும். அந்த மேசையில் கேட்டுக்கொண்டிருப்பதும் பயிற்சிதான்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வகுப்பு ஒன்று உண்டு. மருத்துவமனைகள் அதை 'எம் அண்ட் எம்' கூட்டம் என்கின்றன. எதிர்பாராமல் நேர்ந்த பாதிப்புகளையும் மரணங்களையும் மட்டுமே பேசும் கூட்டம். ரெசிடென்ட் எழுந்து நின்று நடந்ததை மணிவாரியாகச் சொல்வார். எந்த நேரத்தில் அறிகுறி தெரிந்தது, எப்போது ஸ்கேன் எடுத்தது, அந்த இடைவெளியைக் குறைத்திருக்க முடியுமா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். யாரைத் தண்டிக்கலாம் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அடுத்த நோயாளிக்கு அதே பாதிப்பு நேராமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்பதே கேள்வி. அறுவை செய்யாமலே விட்டிருக்கலாமா என்பதும் அங்கேதான் விவாதத்துக்கு வரும். எங்கே வெட்டுவது என்பதைச் சில ஆண்டுகளில் கற்றுவிடலாம். எப்போது வெட்டாமல் இருப்பது என்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் தேவை.

போதனா மருத்துவமனைக்குப் போக நம்மில் பலர் தயங்குகிறோம். மாணவர் கையில் அகப்பட்டுவிடுவோமோ என்ற பயம். அது நியாயமான பயம்தான். முட்டையும், கோழி இறக்கையும், வண்ணம் செலுத்திய உடல்களும், இரட்டைக் குழல் நுண்ணோக்கியும், பதிவேடும், அந்தக் கடினமான கூட்டமும் அதே பயத்துக்குப் பதிலாகத்தான் உருவாயின. அறுவையை யார் செய்வார், யார் மேற்பார்வை பார்ப்பார் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பயிற்சி நன்றாக நடக்கும் இடத்தில் அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும். அதோடு, நள்ளிரவு இரண்டு மணிக்கு உங்கள் வீட்டாரின் தலைக்காயத்தைப் பார்க்க, அந்த வேலைக்கென்றே பயின்ற ஒருவர் மருத்துவமனைக்குள்ளேயே விழித்திருப்பார்.